சட்டத்தின் இடுக்கில் பிறந்த கார்: பிரஸ்டன் நகரத்து பாண்ட் மினிகார்

"மிஸ்டர் பீன் தொடரில் அடிக்கடி கவிழ்கிறதே ஒரு வெளிர்நீல மூன்று சக்கர வண்டி, அது நிஜமாகவே கடையில் விற்ற காரா? நிஜமென்றால் நாலாவது சக்கரம் வைக்க அவர்களுக்கு என்ன பஞ்சம்?" இதுதான் கேள்வி.

நிஜமான கார்தான். பெயர் ரிலையன்ட் ரீகல். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் டாம்வொர்த் என்ற ஊரில் செய்தார்கள். நம்மூர் ரிலையன்ஸுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல ரீகலைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. ரீகல் எவ்வளவோ வசதியான வண்டி. நாலு பேர் உட்காரலாம், கார் எஞ்சின், கதவுகள் எல்லாம் உண்டு. அதே காலத்தில் அதைவிட ஏழையாக, அதைவிட விசித்திரமாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. லங்காஷயரின் பிரஸ்டன் நகரில் 1949 முதல் 1966 வரை தயாரான பாண்ட் மினிகார். மூன்று சக்கரக் கார் எதற்காகப் பிறந்தது, எப்படிப் பிழைத்தது, எதனால் செத்தது என்பது மூன்றும் அதன் கதையில் பளிச்சென்று தெரியும். அதனால் முதலில் பாண்ட், பிறகு ரிலையன்ட்.

பஞ்சம் சக்கரத்துக்கு இல்லை. சலுகை மூன்று சக்கரத்துக்குத்தான் இருந்தது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி 8 ஹண்ட்ரட்வெய்ட்டுக்கு, அதாவது சுமார் 406 கிலோவுக்கு உட்பட்ட மூன்று சக்கர வண்டி, காரின் இனத்தில் சேராது. மோட்டார் சைக்கிளின் பங்காளி. ஆண்டுதோறும் கட்டும் ரோடு டாக்ஸ் காரைவிடக் குறைவு. வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் பர்ச்சேஸ் டாக்ஸும் குறைவு. எல்லாவற்றையும்விடப் பெரிய சலுகை, பைக் லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை ஓட்டலாம். கார் ஓட்டிக் காட்டித் தனியாக டெஸ்ட் பாஸாக வேண்டியதில்லை.

இந்தக் கடைசிச் சலுகையின் எடை புரிய அன்றைய பிரிட்டனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளி, அஞ்சல்காரர், சுரங்கத்தில் வேலை செய்பவர் என்று கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களின் வாகனம் சைட் கார் பூட்டிய மோட்டார் சைக்கிள். அப்பா பைக்கில், அம்மாவும் குழந்தையும் பக்கத்துத் தொட்டியில். வருஷத்தில் பாதி நாள் தூறும் ஊரில் இப்படிப் போவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அப்பாவின் கையில் பைக் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தது. அதே லைசென்ஸில், அதே அளவு வரியில், தலைக்கு மேல் ஒரு கூரையும் முன்னால் ஒரு கண்ணாடியும் உள்ள வண்டி கிடைத்தால் அவர் வாங்கமாட்டாரா? இந்த ஓர் ஆள்தான் மூன்று சக்கரக் காரின் வாடிக்கையாளர்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருந்தது. 1960களின் தொடக்கம் வரை, பைக் லைசென்ஸில் ஓட்ட வேண்டுமென்றால் அந்த மூன்று சக்கர வண்டியில் பின்னால் போகும் வசதியே இருக்கக் கூடாது. ரிவர்ஸ் கியர் இருந்தால் அது கார் ஆகிவிடும்! இந்த விதியை எழுதிய அதிகாரி யாரோ, அவர் ஒரு நாளும் குறுகிய சந்துக்குள் வண்டியை விட்டு மாட்டிக்கொண்டிருக்க மாட்டார். பாண்ட் மினிகாரின் உடம்பில் இருக்கும் பல விநோதங்களுக்கு இந்த எடை வரம்பும் இந்த ரிவர்ஸ் விதியும்தான் மூலம்.

லாரன்ஸ் பாண்ட், சுருக்கமாக லாரி பாண்ட், 1907இல் பிரஸ்டனில் பிறந்தவர். உலகப் போர்க் காலத்தில் பிளாக்பர்ன் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்து விமான உதிரி பாகங்கள் செய்தார். கூடவே 500 சிசி பந்தயக் கார்களிலும் கை வைத்தார். ஆளின் மூளை முழுக்க விமான மூளை. எதைப் பார்த்தாலும் "இதில் எதைக் கழற்றி எறியலாம்?" என்றுதான் கேட்பார் போலிருக்கிறது. அலுமினியத் தகட்டையே வளைத்து, ஒட்டி, ரிவெட் அடித்து அதையே எலும்பாகவும் தோலாகவும் ஆக்கும் விமான முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தார். தனியாகச் சேஸிஸ் என்ற பேச்சே இல்லை. தகடுதான் வண்டி.

1948இல் அவர் காட்டிய மாதிரி வண்டியின் நோக்கம் மிக எளிமையானது. இருபது முப்பது மைல் சுற்றளவுக்குள் கடைகண்ணிக்குப் போய்வர ஒரு வண்டி. லண்டனுக்குப் போக அது இல்லை. எஞ்சின் வில்லியர்ஸ் கம்பெனியின் 122 சிசி டூ ஸ்ட்ரோக், பைக்குக்காகச் செய்தது, ஐந்து குதிரைத்திறன். அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முன்சக்கரத்தோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்பாது, எஞ்சினும் கூடவே திரும்பும். எஞ்சினிலிருந்து செயின் நேராக முன்சக்கரத்துக்கு. நம்மூர் ஆட்டோவிலும் முன்னால் ஒரு சக்கரம்தான், ஆனால் அதில் எஞ்சின் பின்னால் உட்கார்ந்து பின்சக்கரங்களைத் தள்ளும். பாண்டில் முன்சக்கரமே இழுக்கும், முன்சக்கரமே திரும்பும். பின்னால் இரண்டு சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். ஆக்ஸில், கார்டன் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகங்கள் எதுவும் தேவையில்லை. அத்தனை இரும்பும் அத்தனை காசும் மிச்சம்.

இதைச் செய்ய இடம் வேண்டும். பிரஸ்டனில் ஷார்ப்ஸ் கமர்ஷியல்ஸ் என்ற கம்பெனி இருந்தது. போர்க்காலத்தில் ராணுவ வண்டிகளைப் பிரித்துச் சீர்செய்து கொடுக்கும் அரசு ஒப்பந்தத்தில் பிழைத்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. பாண்ட் அதன் நிர்வாக இயக்குநர் லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் கிரேயிடம் போய், "தொழிற்சாலையில் கொஞ்சம் இடம் வாடகைக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். கிரே இடம் தரவில்லை. "நீ வாடகைக்கு எடுக்க வேண்டாம், நாங்களே செய்து விற்கிறோம்" என்றார். கைக்கு வேலையில்லாமல் போகவிருந்த ஒரு தொழிற்சாலையும் இடமில்லாத ஒரு வடிவமைப்பாளரும் சரியான நேரத்தில் சந்தித்தார்கள். 1949 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது.

அந்த முதல் மாடலை, மார்க் ஏ என்பதை, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மொத்த எடையே சுமார் 140 கிலோ. இன்று நம் சாலைகளில் ஓடும் ஒரு சாதாரண 150 சிசி பைக்கின் எடை அது! கதவு கிடையாது, பக்கச் சுவர் தாழ்வாக இருக்கும், காலைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மேலே துணிக் கூரை. முன்னால் கண்ணாடிக்குப் பதில் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக். வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டும். பின்சக்கரங்களுக்கு ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. காற்றுக் குறைவாக அடித்த டயர்கள்தான் சஸ்பென்ஷன். பிரேக் பின்சக்கரங்களில் மட்டும். ஸ்டியரிங் முதலில் கப்பியும் கேபிளுமாக இருந்தது, 1950இல்தான் ரேக் அண்ட் பினியன் என்ற பற்சக்கர முறை வந்தது. மூன்று கியர், மூன்றும் முன்னோக்கி.

ஸ்டார்ட் செய்யும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் கேபிள் வழியாக முன்னால் இருக்கும் எஞ்சினின் கிக்கர் மிதிபடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பைக்கைக் கிக் அடிக்கும் ஏற்பாடு. அது ஒத்துழைக்காத குளிர்கால காலையில் என்ன செய்வது? பானெட்டைத் திறந்து, எஞ்சின் அறைக்குள்ளேயே இறங்கி நின்று, காலால் கிக்கரை உதைக்க வேண்டியதுதான். அதற்கு இடம் தாராளமாக இருந்தது. பிற்கால மாடல்களிலும் பாண்ட்காரர்கள் காருக்குள் நின்று காரை உதைப்பதை அக்கம்பக்கத்தார் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் 1949 பிரிட்டனில் இது சிரிப்புக்குரிய பண்டம் இல்லை. பெட்ரோல் ரேஷன் 1950 மே வரை நீடித்தது. நாடு கடனில் மூழ்கியிருந்ததால் தயாரான கார்களில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி டாலர் சம்பாதிக்கச் சொன்னது அரசு. ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு. உள்ளூர்வாசி புதுக் காருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார். பாண்டுக்கு இரும்பு அதிகம் வேண்டாம். விமானத் தொழில் சுருங்கிய பிறகு அலுமினியம் கிடைத்தது. வண்டி உடனே கிடைத்தது, பைக் அளவே பெட்ரோல் குடித்தது. மார்க் ஏ 1,973 வண்டிகள் விற்றது. புதுக் கம்பெனிக்கு அது நல்ல தொடக்கம்.

அடுத்தடுத்த மாடல்களைத் தனித்தனியாகச் சொல்லி உங்களைக் களைப்பாக்க மாட்டேன். 1951இல் மார்க் பி, பின்னால் கொஞ்சம் சஸ்பென்ஷன், 197 சிசி எஞ்சின். 1952இல் வந்த மார்க் சி முக்கியமானது. அதில் மூன்று சக்கரங்களிலும் பிரேக் வந்தது. இடப்பக்கம் ஒரு கதவும் வந்தது. முன்னால் பார்க்க நாலு சக்கரக் கார் மாதிரி இருபுறமும் மட்கார்டு வைத்தார்கள். உள்ளே சக்கரம் கிடையாது, வெறும் தோற்றம்! பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கொஞ்சம் மரியாதை வேண்டுமே. குடும்ப மாடலில் முன்சீட்டுக்குப் பின்னால் ஊஞ்சல் போலத் தொங்கும் துணியில் இரண்டு குழந்தைகளை உட்கார வைக்கலாம்.

மார்க் சியின் உண்மையான சாமர்த்தியம் முன்சக்கரத்தில். எஞ்சினோடு சேர்ந்த அந்தக் கட்டு முழுவதும் இடமோ வலமோ 90 டிகிரி திரும்பும். சக்கரத்தைக் குறுக்காகத் திருப்பிவிட்டு மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், வண்டி தன் நீளத்துக்குள்ளேயே சுற்றி வந்த வழியைப் பார்த்து நிற்கும். ரிவர்ஸ் இல்லாத குறை இப்படித் தீர்ந்தது. சட்டம் ஒரு கதவை மூடினால் பாண்ட் சுவரைச் சுற்றிப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த மாடல்களில் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் ஒன்றான சிபா டைனாஸ்டார்ட் என்ற கருவி வந்ததும் இன்னொரு வழியும் திறந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். எஞ்சினை நிறுத்தி, டைனாஸ்டார்ட்டைத் திருப்பிப் போட்டு, எஞ்சினையே தலைகீழாகச் சுற்ற வைத்தால் எல்லாக் கியரும் ரிவர்ஸ் கியர். அதே காலத்து ஜெர்மானிய மெசர்ஷ்மிட் கேஆர்200 வண்டியிலும் இதே வித்தைதான். நாலு கியரிலும் பின்னோக்கிப் போகலாம். நாலாவது கியரில் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நெஞ்சுரம் அதிகம்.

இனி கவிழும் விஷயம். இதைக் கேலியோடு விட்டுவிடாமல் கணக்காகப் பார்ப்போம். நாலு சக்கர வண்டி தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் செவ்வகம். மூன்று சக்கரத்தில் முக்கோணம். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் முக்கோணத்தின் கூர்முனை முன்னால். வளைவில் வண்டி கவிழ்ந்தால் முன்சக்கரத்தையும் வெளிப்பக்கப் பின்சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் கவிழும். எடையின் மையம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு பத்திரம். பின்சக்கரங்களுக்கு அருகில் முக்கோணம் அகலம். முன்னால் போகப் போகக் குறுகல். எஞ்சின் முன்னால் இருந்தால் எடை குறுகலான பக்கம் நகரும். வளைவுக்குள் வந்தபின் பயந்து பிரேக் போட்டால் நிலைமை மோசம்; பாரம் முன்னோக்கிச் சாய்ந்து, ஆதாரமே இல்லாத வெளிப்பக்க முன்மூலையில் போய் விழும். அங்கே சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருக்கும். ஆகவே மூன்று சக்கர ஓட்டிகளின் பாலபாடம், வேகத்தை வளைவுக்கு முன்பே குறை, உள்ளே போனபின் பிரேக்கைத் தொடாதே.

முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என வைத்தால் பிரேக் போடும்போது பாரம் அகலமான பக்கம் போகும். மோர்கன், மெசர்ஷ்மிட் எல்லாம் அப்படித்தான். இயற்பியல்படி அதுவே மேல். பிறகு பாண்ட் ஏன் ஒற்றை முன்சக்கரம் வைத்தார்? இரண்டு முன்சக்கரம் என்றால் இரண்டையும் திருப்பும் இணைப்புகள் வேண்டும்; செலவு கூடும். ஒற்றைச் சக்கரத்துக்கு ஒரு ஃபோர்க் போதும். பாண்டின் வண்டி தாழ்வானது, இலேசானது, ஆட்கள் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் உட்காருவார்கள், வேகமும் குறைவு. அந்த வேகத்துக்கு அந்த வடிவம் பெரிய பழுதில்லை என்பது என் கருத்து. எஞ்சின் பெரிதாகி வேகம் கூடக்கூடத்தான் முக்கோணம் பழிவாங்கத் தொடங்கியது.

கதைக்குத் திரும்புவோம். 1956 இறுதியில் சூயஸ் கால்வாய் நெருக்கடி. எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. பிரிட்டனில் டிசம்பரிலிருந்து மறுபடி பெட்ரோல் ரேஷன், 1957 மே வரை. சின்ன வண்டிகளுக்கு அடித்தது யோகம். ஜெர்மனியிலிருந்து குமிழி வடிவ வண்டிகள் வந்து இறங்கின. பிஎம்டபிள்யூவின் இசெட்டாவை பிரைட்டன் நகரில் பழைய ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஒன்றில் செய்யத் தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு ஒழுங்கான சாலை வழியே இல்லை, உதிரி பாகம் வருவதும் முடிந்த கார் போவதும் ரயிலில்தான். அங்கேயும் பிரிட்டனுக்காகப் பின்னால் ஒரே சக்கரம் வைத்து, ரிவர்ஸை எடுத்துவிட்டு ஒரு மாடல் செய்தார்கள். ஜெர்மனியிலிருந்து நாலு சக்கரத்தோடு வந்த வண்டியில் ஒன்றைப் பிரிட்டிஷ் வரிச்சட்டம் கழற்றிவிட்டது. மூன்று சக்கரம் யாருடைய யோசனை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பாண்டுக்கும் இது நல்ல காலம். 1958 இறுதியில் வந்த 246 சிசி மார்க் எஃப் மாடல் 6,493 விற்றது. அதன் மாடல்களிலேயே அதிகம். ஆனால் இந்த வெற்றியே எமனையும் அழைத்து வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்டுக்குத் தெருவில் ஓடும் இந்தக் குமிழி வண்டிகளைப் பார்த்தாலே பிடிக்காது. இவற்றைத் துரத்த ஒழுங்கான ஒரு சின்னக் கார் வேண்டும் என்று தன் கம்பெனியின் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் சொன்னார். 1959 ஆகஸ்டில் மினி வந்தது. நாலு பேர், நாலு சக்கரம், நாலு சிலிண்டர், வரியோடு சேர்த்து 496 பவுண்டு.

ஆச்சரியம் என்னவென்றால் மினி வந்த உடனே பாண்ட் சாகவில்லை. மினி வாங்கக் கார் லைசென்ஸ் வேண்டும், கார் வரி கட்ட வேண்டும். பைக்காரர் இன்னும் பாண்டிடமே வந்தார். கத்தி வேறு இடத்திலிருந்து வந்தது. 1962 தொடக்கத்தில் கார்களுக்கான பர்ச்சேஸ் டாக்ஸ் 55 சதவீதம். ஏப்ரலில் அது 45 ஆனது. நவம்பரில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் ஒரே வெட்டாக 25 ஆக்கினார். மூன்று சக்கர வண்டிக்கு இருந்த விகிதமும் அதுவே. ஒரு நாளில் பாண்டின் விலைச் சாதகம் கரைந்துபோனது. பிரஸ்டனில் ஆட்குறைப்பு. 1961இல் தொடங்கிய கடைசி மாடல் மார்க் ஜியை ஹைட்ராலிக் பிரேக், இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் என்று மெருகேற்றிப் பார்த்தும் 3,253தான் போனது. 1966இல் மினிகார் நின்றது. பதினேழு ஆண்டுகளில் மொத்தம் 24,482 வண்டிகள்.

லாரி பாண்ட் இதற்கெல்லாம் முன்பே தன் வழியில் போய்விட்டார். பெர்க்லி என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார், ஆப்பர்மன் யூனிகார் என்று வேறு கம்பெனிகளுக்கு வேறு சின்ன வண்டிகள் வரைந்துகொண்டிருந்தார். 1974இல் இறந்தார். 

கம்பெனி பெயரை பாண்ட் கார்ஸ் என்று மாற்றிக்கொண்டு இன்னொரு முயற்சி செய்தது. பாண்ட் 875 என்ற மூன்று சக்கர வண்டி. பின்னால் ஹில்மன் இம்ப் காரின் 875 சிசி எஞ்சின், ஃபைபர் பாடி. எடை 8 ஹண்ட்ரட்வெய்ட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக அதிலும் கண்ட கண்ட இடத்தில் கழித்தார்கள். கார் எஞ்சின், பைக் எடை. வேகம் இருந்தது, வாங்க ஆள் அதிகம் இல்லை. 1969இல் போட்டிக் கம்பெனியான ரிலையன்ட் பாண்டை வாங்கியது, 1970இல் பிரஸ்டன் தொழிற்சாலையை மூடியது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாண்ட் பக் என்ற ஆரஞ்சு நிற ஆப்பு வடிவ வண்டியை டாம்வொர்த்திலேயே செய்தது. ஓகிள் டிசைன் நிறுவனத்தின் டாம் கேரன் வரைந்தது. கதவுக்குப் பதில் மேல்மூடி முழுவதும் முன்பக்கம் திறக்கும். உயர்ந்த மாடல் 629 பவுண்டு. சாதாரண மினி அப்போது 620. ஒன்பது பவுண்டு அதிகம் கொடுத்து ஒரு சக்கரமும் இரண்டு இருக்கையும் குறைவாக வாங்குவது இளவட்டத்தின் விளையாட்டு. அது பட்ஜெட் கார் இல்லை.

சரி, அதே வரி வெட்டில் ரிலையன்ட் ஏன் சாகவில்லை? ரிலையன்ட்டின் வேர் இன்னும் பழையது. டாம் வில்லியம்ஸ் என்பவர் நாட்டிங்ஹாமில் ராலி கம்பெனியில், ஆம், நம் தாத்தாக்கள் ஓட்டிய அந்த ராலி சைக்கிள் கம்பெனியில்தான், மூன்று சக்கர வண்டிகளைக் கவனித்து வந்தார். ராலி அந்தத் தொழிலைக் கைவிட முடிவு செய்ததும் டாம்வொர்த்தில் தன் வீட்டிலேயே ஒரு மூன்று சக்கர வேனைக் கட்டி 1935இல் விற்கத் தொடங்கினார். பிறகு ஆஸ்டின் செவன் எஞ்சினை வாங்கிப் போட்டார். ஆஸ்டின் அந்த எஞ்சினை நிறுத்தியபோது ரிலையன்ட் அதைப் போலவே சொந்தமாகச் செய்துகொண்டது. இதுதான் அதன் அதிர்ஷ்டம். பாண்ட் மினிகார் கடைசிவரை வில்லியர்ஸ் பைக் எஞ்சினை நம்பி இருந்தது. ரிலையன்ட் எஞ்சின் வார்க்கத் தெரிந்த கம்பெனி ஆனது.

1950களின் தொடக்கத்தில் வந்த ரீகலில் நாலு பேர் போகலாம். 1956இல் பாடி முழுக்க ஃபைபர். 1962இல் 598 சிசியில் முழுக்க அலுமினிய எஞ்சின். பிரிட்டனில் பெருமளவில் உற்பத்தியான முதல் அலுமினியக் கார் எஞ்சின் என்ற பெருமை அதற்கு உண்டு. இதுவும் எடை வரம்பு கொடுத்த வரம். 8 ஹண்ட்ரட்வெய்ட்டுக்குள் நாலு பேர் உட்காரும் கார் என்றால் இரும்பு எஞ்சினுக்கு இடம் இல்லை. ரிவர்ஸ் விதியும் அந்தச் சமயத்தில் நீங்கியது. 1973இல் ரீகலின் இடத்துக்கு ராபின் என்ற மூன்று சக்கர மாடல் வந்தது, உடனே உலக எண்ணெய் நெருக்கடியும் வந்தது, மறுபடி வாங்க வரிசை. ஃபோர்டும் வாக்ஸ்ஹாலும் அமெரிக்கர் கையில் இருந்ததால், பிரிட்டிஷ்காரர் சொந்தமாக வைத்திருந்த கார் கம்பெனிகளில் லேலண்டுக்கு அடுத்தது ரிலையன்ட் என்று சொல்லுமளவுக்கு நிலைமை இருந்தது. ஒரு தேசத்தின் கார் தொழிலைப் பற்றி இது எதையோ சொல்கிறது, அது ரிலையன்ட்டுக்குப் பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ராபின் என்றாலே கவிழும் என்ற பெயர் இன்று உலகம் முழுக்கப் பரவ ஒரு காரணம், 2010இல் பிபிசி கார் நிகழ்ச்சியில் ஜெரமி கிளார்க்சன் ஒரு ராபினை ஓட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் உருட்டிய காட்சி. பல ஆண்டு கழித்து அவரே ஒரு பத்திரிகைப் பத்தியில் உண்மையைச் சொன்னார்: உருள வேண்டும் என்பதற்காகவே டிஃபரன்ஷியலில் கை வைத்திருந்தார்கள். மேலே சொன்ன முக்கோணக் கணக்கு மாறாது. வேகமாக வளைத்தால் எந்த ராபினும் விழும். ஆனால் பால் வாங்கப் போகும் வேகத்தில் விழாது. விழுந்துகொண்டே இருந்தால் சைட் காரிலிருந்து மாறிய ஒரு தலைமுறை ஆயுள் முழுக்க அதையே வாங்கியிருக்குமா?

அந்தத் தலைமுறைதான் கடைசியில் தீர்ந்துபோனது. பைக் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்த ஆட்கள் வயதாகி ஓய்ந்தார்கள்; அவர்கள் பிள்ளைகள் நேரே கார் டெஸ்ட் எழுதினார்கள். 2001 பிப்ரவரியில் ராபின் உற்பத்தியை ரிலையன்ட் நிறுத்தியது. கடைசியாகச் செய்த சிறப்புப் பதிப்பு 65 வண்டிகள், தங்க நிறம், தோல் சீட்டு, விலை கிட்டத்தட்ட 10,000 பவுண்டு. ஏழையின் வாகனமாகப் பிறந்த வம்சம் இப்படி ஒரு கல்யாணக் கோலத்தில் முடிந்தது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு கிளை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1970களில் பெங்களூரில் சன்ரைஸ் என்ற கம்பெனி 'பாதல்' என்று ஒரு மூன்று சக்கரக் காரைச் செய்தது. ஃபைபர் பாடி, பின்னால் 198 சிசி எஞ்சின். சில நூறு வண்டிகளோடு அது ஓய்ந்தது. சிபானி என்று பெயர் மாறிய அதே கம்பெனி 1980களின் தொடக்கத்தில் ரிலையன்ட்டிடம் உரிமம் வாங்கி 'டால்ஃபின்' செய்தது. ராபினின் நாலு சக்கரத் தங்கை கிட்டன்தான் அது. அதே ரிலையன்ட் 848 சிசி அலுமினிய எஞ்சின், அதே ஃபைபர். இலேசான வண்டி என்பதால் கார் ராலிப் பந்தயம் ஓட்டுபவர்களுக்குப் பிடித்துப்போனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு குடும்பஸ்தர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்றும் எங்காவது பழைய கார் கண்காட்சியில் ஒரு டால்ஃபினைப் பார்த்தால் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். டாம்வொர்த்துக்காரர்கள் 8 ஹண்ட்ரட்வெய்ட்டுக்குள் அடங்கவேண்டி அலுமினியத்தில் வார்த்த எஞ்சினின் வாரிசு உள்ளே இருக்கும்.